அப்பா பெயரில் கிடக்கும் கட்டுரைகள்: எச்-இண்டெக்ஸ் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்கும் சமயம் வந்துவிட்டால் என் மேசை முன்னால் டாக்டர்கள் கூட்டம்தான். "மேடம், என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க." ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண் அது. நான் திருப்பிக் கேட்பேன்: "கட்டுரைகள்ல உங்க பேரை எப்படியெல்லாம் போட்டிருக்கீங்க, டாக்டர்?"

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆர். செந்தில் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்படியே அனுப்பினால் தரவுத்தளத்தில் 'செந்தில் ஆர்' என்று ஏறும். இன்னொரு இதழ் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும்; செந்தில் ராமசாமி என்று கொடுப்பார். அது 'ராமசாமி எஸ்' ஆகிவிடும். பாதிக் கட்டுரைகள் அப்பா பெயரில் கிடக்க, மகன் கணக்கு மெலிந்து நிற்கும்.

அதனால் முதல் வேலை ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண். 2012இல் தொடங்கிய ஏற்பாடு; பதிவு இலவசம், பத்து நிமிடம் போதும். 16 இடங்கள் கொண்ட எண் கிடைக்கும். கடைசி இடத்தில் சிலருக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். தப்பு என்று நினைத்து என்னிடம் ஓடிவர வேண்டாம், அது சரிபார்ப்புக் குறி. இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர் வடிவங்களையும் அதில் சேருங்கள். இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் ஒரே வடிவம், கூடவே இந்த எண்.

அடுத்து ஸ்கோபஸ், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கான மேற்கோள்களையும் பதிவு செய்யும் தரவுத்தளம். இரண்டு பெயர்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டுத் தேடுங்கள். உங்களுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தால், ஒன்றாக இணைக்கச் சொல்லி அங்கேயே கோரிக்கை அனுப்பலாம்.

கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் சிக்கல் நேர் எதிர். அடுத்தவர் கட்டுரையும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நானே ஒருமுறை ஓர் எலும்பு மருத்துவருக்குப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தேன். நடுவில் நெல் நோய் பற்றிய கட்டுரை! அவரே பார்த்துச் சிரித்ததால் தப்பித்தேன். கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி வையுங்கள்.

சரி, இப்போது எண்ணுவோம். எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ், இயற்பியலாளர். கட்டுரைகளை சைட்டேஷன் (மற்ற கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) அதிகம் உள்ளதிலிருந்து வரிசையாக எழுதுங்கள்: 48, 21, 9, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 3தான். குறைந்தது ஐந்து சைட்டேஷனாவது உள்ள கட்டுரைகள் ஐந்து; ஆக எச்-இண்டெக்ஸ் 5. அந்த 48 நாளை 480 ஆனாலும் இது மாறாது. பத்து அல்லது அதற்கு மேல் சைட்டேஷன் உள்ளவற்றை மட்டும் எண்ணினால் ஐ10: இங்கே 2. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) கூட்டிப்போட்டு 'மொத்தம்' என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது இதழின் மதிப்பு, உங்களுடையது அல்ல, தயவுசெய்து வேண்டாம்.

கூகுள் ஸ்காலர் எண் பெரும்பாலும் ஸ்கோபஸைவிடப் பெரிதாக இருக்கும். ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போட்ட வடிவம்) என்று கண்ணில் பட்டதையெல்லாம் அது எண்ணுகிறது. ஸ்கோபஸில் சுய சைட்டேஷனைக் கழித்துப் பார்க்கலாம். ஒருமுறை பார்த்துவிடுங்கள், கொஞ்சம் வலிக்கும்.

எண்ணோடு நிற்காமல், மேற்கோள் காட்டியவர் என்ன சொல்கிறார் என்றும் படியுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்குக் குவிந்த சைட்டேஷன்களில் பெரும்பகுதி மறுப்பதற்காக வந்தவை. அப்புறம், உலக நோய்ச்சுமை ஆய்வு போல நூற்றுக்கணக்கானோர் பெயர் போட்ட கட்டுரை இருந்தால் அதைத் தனியாகக் காட்டி, உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் ஆசிரியராக எழுதியவற்றை மேலே வையுங்கள்.

விண்ணப்பத்தில் வெறுமனே '5' என்று போடாதீர்கள். எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் எதிரே இருப்பவர் போனில் கூகுள் ஸ்காலரைத் திறந்து "இங்கே 8 காட்டுதே?" என்பார்.