அல்சூர் மாடியில் ஒரு டி அண்ட் டி மேசை

ஞாயிறுதோறும் பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி அறையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) நடத்துகிறேன். ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு இது. மேசைக்கு 5 பேர் போதும். 7 பேர் என்றால் ஒரு சண்டைச் சுற்று முடிவதற்குள் டீ ஆறிவிடும். 4 மணி நேரம் கிடைத்தால் மூன்றேகால் மணி நேரக் கதையே எடுங்கள். மீதியை சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசல் தின்றுவிடும்.

புதியவர்களுக்கு முதல் நிலைக் கதாபாத்திரங்களை முன்பே எழுதி பிரின்ட் எடுத்து வையுங்கள். ஒருமுறை அங்கேயே உருவாக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் போச்சு, டிராகன் தலையே காட்டவில்லை. 20 முகப் பகடை கூடுதலாக இரண்டு வேண்டும், ஒன்று கட்டாயம் பீரோவுக்கு அடியில் போகும். அடுத்து யார் முறை என்பதற்குத் துணி கிளிப்பில் பெயர் எழுதி அட்டையில் வரிசையாக மாட்டுவேன். அப்புறம், கதையில் சிலந்தி, ரத்தம் வந்தால் யாருக்காவது ஒத்துக்காதா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.