உறைந்த ஏரியில் தூண்டில்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்லாந்தின் குவோப்பியோ நகரைச் சூழ்ந்திருக்கும் கல்லவேசி ஏரி பெரும்பாலான ஆண்டுகளில் டிசம்பரில் உறைந்து, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோ உருகுகிறது. இடைப்பட்ட மாதங்களில் முதுகில் பெட்டியும் தோளில் பனியைத் துளைக்கும் கைத்துரப்பணமுமாக மக்கள் பனித்தளத்தின் மேல் நடந்து போவது இங்கே அன்றாடக் காட்சி. பனியில் துளையிட்டு, கையளவுக் கோலில் தூண்டிலை இறக்கி, பெர்ச் மீன் பிடிப்பதை பில்க்கி என்கிறார்கள். மீன்பிடிப்புக்குத் தடையுள்ள சில நீர்ப்பகுதிகள் நீங்கலாக, இதற்கு உரிமமோ கட்டணமோ தேவையில்லை என்பதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கனமான உடை வேண்டும், புதிதாக உறைந்த ஏரியில் தனியாக நடக்கக் கூடாது என்பவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெரிய துளையே நல்லது என்று நினைப்பது

கடையில் 115 மில்லிமீட்டர் துரப்பணமும் 155 மில்லிமீட்டர் துரப்பணமும் அருகருகே இருக்கும்போது, பெரிய மீன் மாட்டினால் வெளியே வர வேண்டுமே என்று எண்ணிப் பெரியதையே வாங்குகிறார்கள். விட்டத்தில் வேறுபாடு 4 சென்டிமீட்டர்தான் என்றாலும், வெட்டி எடுக்க வேண்டிய பனியின் அளவு ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. பெர்ச் பிடிப்பவருக்குச் சிறிய துளை தாராளம். பெரிய பைக் மீனைக் குறிவைத்துப் போகிறவருக்கு மட்டுமே பெரியது வேண்டும்.

துரப்பணத்தின் அலகைப் பனியில் தட்டுவது

இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒரு தவறு மற்றப் பல தவறுகளுக்குத் தாய். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கைத்துரப்பணத்தின் அடியில் இரண்டு அலகுகள் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அவை பனியைக் குத்துவதில்லை. தச்சரின் இழைப்புளி மரத்தைச் சீவுவதைப் போலச் சீவுகின்றன. இரண்டின் வாயும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருந்தால்தான் வேலை இரண்டுக்கும் சமமாகப் பகிரப்படும். நல்ல நிலையில் உள்ள துரப்பணத்தை அழுத்தவே வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் போதும், அது தானாகவே பனிக்குள் இறங்கும். துளையைச் சுற்றிக் குவிவதைக் குனிந்து பாருங்கள். தடித்த, தட்டையான செதில்களாக வந்தால் அலகு கூராக இருக்கிறது. மாவு போல நுண்ணிய தூளாக வந்தால் அலகு சீவவில்லை, தேய்க்கிறது.

துளை முடிந்து துரப்பணத்தை வெளியே எடுக்கும்போது, அதன் திருகில் ஈரமான பனிச்சேறு ஒட்டிக்கொண்டு வரும். காற்றின் வெப்பநிலை மைனஸ் 15 பாகையாக இருந்தால் அது சற்று நேரத்தில் இறுகிவிடும். உடனே உதறிவிட வேண்டும் என்ற எண்ணம் சரியானதுதான். ஆனால் புதியவர் என்ன செய்கிறார்? துரப்பணத்தைச் செங்குத்தாகத் தூக்கி, அலகு கீழே இருக்க, பக்கத்துப் பனியில் ஓங்கித் தட்டுகிறார். சேறு அழகாக உதிர்ந்துவிடுகிறது. அதே அடியில் அலகின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் விழுகின்றன. திரும்பத் திரும்பத் தட்டினால் அலகைத் தாங்கும் தகடும் சற்று வளைந்து, ஓர் அலகு மேலேயும் மற்றொன்று கீழேயுமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஓர் அலகு மட்டுமே முழு வேலையையும் செய்கிறது. துரப்பணம் துள்ளும், கை அதிரும், துளை வட்டமாக வராது.

இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த தம்பி ஒருவர் மார்ச் மாதத்தில் என்னிடம் துரப்பணத்தைக் கேட்டு வாங்கிச் சென்றார். முதல் பிழை ஏரிக்குப் போகுமுன்பே, வாகன நிறுத்துமிடத்திலேயே நடந்தது. வழுக்காமல் இருக்க இங்குள்ள சாலைகளிலும் நிறுத்துமிடங்களிலும் உடைத்த கருங்கல் பொடியைத் தூவுவார்கள். அவர் அலகின் உறையைக் கழற்றிவிட்டு, துரப்பணத்தை அந்தக் கல்பொடியின் மேல் ஊன்றி நிறுத்தி, சாவகாசமாகக் கையுறை அணிந்தார். ஏரியிலோ ஒவ்வொரு துளைக்குப் பிறகும் தட்டினார். நான் ஓடிப்போய்த் தடுத்தபோது, “இரும்புதானே அண்ணா, பனியில் தட்டினால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்டார். அரை மீட்டர்ப் பனியை ஒரு நிமிடத்துக்குள் கடந்த கருவி, அன்று மதியத்துக்குள் பாதி ஆழத்திலேயே வழுக்கிக்கொண்டு சுற்றியது. புதிய அலகு ஒரு ஜோடியின் விலை, துரப்பணத்தின் விலையில் சிறிய பங்கன்று. பணத்தைவிட, அந்த நாள் வீணானதே அதிக இழப்பு.

செய்ய வேண்டியது எளிது. துளை விழுந்ததும் துரப்பணத்தை நீருக்குள்ளேயே ஓரிரு சுற்று எதிர்த்திசையில் சுழற்றி, வெடுக்கென்று மேலே இழுங்கள். பெரும்பாலான சேறு துளையிலேயே விழுந்துவிடும். மீதியைத் திருகின் பக்கவாட்டில் காலணியால் மெதுவாகத் தட்டி உதிர்க்கலாம். அலகின் மேல் பனி இறுகிவிட்டால் கத்தியால் சுரண்டாமல், துளை நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வைத்தால் அது இளகும். பழைய துளை மீண்டும் உறைந்திருந்தால் அதிலேயே துளைக்காதீர்கள். அரைகுறையாக உறைந்த விளிம்பில் அலகு சறுக்கி அடிபடும். ஒரு முழம் தள்ளிப் புதிதாகத் துளைப்பதே விரைவானது. கரையோரத்தில் ஆழம் குறைவாக இருந்தால், பனி முடியும் தருணத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு முறை அடிமணலைத் தொட்டுவிட்டால் போதும், கூர் போய்விடும்.

ஒரே துளையில் காத்திருப்பது

பெர்ச் கூட்டமாகத் திரியும் மீன். கூட்டம் கீழே இருந்தால் சில நிமிடங்களில் தூண்டில் சொல்லிவிடும். இல்லாவிட்டால் அரை நாள் உட்கார்ந்தாலும் வராது. அனுபவமுள்ளவர்கள் கரையிலிருந்து ஆழத்தை நோக்கி வரிசையாகத் துளைகளிட்டு, ஒவ்வொன்றிலும் சற்று நேரம் பார்த்து நகர்வார்கள். புதியவர் நகராததற்குக் காரணம் சோம்பல் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மழுங்கிய துரப்பணத்தோடு மூன்று துளைகள் போட்டவருக்கு நான்காவதைப் போட மனம் வராது. உடம்பெல்லாம் வியர்த்து, அந்த ஈர உடையோடு அசையாமல் உட்காருவதால் குளிர் ஏறி, மதியத்துக்கு முன்பே வீடு திரும்புகிறார். மீன் இல்லாத ஏரி என்று அவர் சொல்வது பெரும்பாலும் கூரில்லாத அலகைப் பற்றிய செய்தியே.

மீட்பு ஆணிகளைப் பைக்குள் வைப்பது

பனி உடைந்து நீரில் விழுந்தால், விளிம்பில் குத்திப் பிடித்து மேலேற உதவும் கைப்பிடி ஆணிகள் இவை. கழுத்தில் தொங்க வேண்டும்.

வசந்த காலத்தில் தடிமனை நம்புவது

டிசம்பரில் தடிமன்தான் அளவுகோல். தெளிந்த, கருமையாகத் தெரியும் புதிய பனி 5 சென்டிமீட்டர் இருந்தால் நடக்கும் ஒருவரைத் தாங்கும் என்பது இங்குள்ள பொது வழிகாட்டுதல். புதியவர் 10 சென்டிமீட்டருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெண்பனி நனைந்து உறைந்ததால் உண்டாகும் வெள்ளைப் பனிக்கு ஏறத்தாழப் பாதி வலுவே உண்டு. இவை எல்லாம் சரியாகக் கற்றுக்கொண்டவர்கள்கூட, அதே கணக்கை ஏப்ரலுக்கும் கொண்டு செல்கிறார்கள்.

ஏப்ரல் வெயில் பனியை மேலிருந்து மட்டும் கரைப்பதில்லை. படிகங்களுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியாக உள்ளே இறங்கி, முழுத் தளத்தையும் செங்குத்தான குச்சிகளின் கட்டாகப் பிரித்துவிடுகிறது. அரை மீட்டர் தடிமன் இருந்தும் அந்தக் குச்சிகளை ஒன்றோடொன்று பிணைக்க ஏதும் இருக்காது. இரவு உறைபனியால் காலை ஏழு மணிக்குக் கல்லாக இருந்த தளம், நண்பகலுக்குப் பிறகு காலடியில் நொறுங்கக்கூடும். கரையோரம் முதலில் உருகுவதால், போன வழியிலேயே திரும்ப முடியாமலும் போகலாம். ஆகவே ஏப்ரலில் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிட வேண்டும். தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய நீர்வழிகள், பாலங்களின் அடி, நாணல் புதர்களின் ஓரம், ஆறு வந்து சேரும் இடம் ஆகியவற்றை எந்த மாதத்திலும் ஒதுக்கிச் செல்லுங்கள். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் துரப்பணம் மட்டும் போதாது. நடக்கும்போதே முன்னால் குத்திப் பார்க்க நீண்ட பனிப்பாரை கையில் இருக்க வேண்டும்.

இரண்டு சோடிக் காலுறைகளை இறுக்கமான காலணிக்குள் திணிப்பது

விரல் அசைய இடமில்லாத காலணி எத்தனை காலுறை போட்டாலும் குளிரும்.

தூண்டிலைத் துளையில் வைத்துவிட்டு அகலுவது

கையில் பிடிக்கும் ஒற்றைக் கோலுக்குத்தான் அனைவருக்கும் உரிமை. துளைகளில் நட்டுவிட்டுப் போகும் தூண்டில்களுக்கு நீர்ப்பகுதியின் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும்.

பிடித்த மீனைப் பனியில் துடிக்க விடுவது

இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிடித்த மீனைத் தலையில் ஒரே அடியாக அடித்து உடனே கொல்ல வேண்டும். பனியின் மேல் எறிந்துவிட்டு அது உறைந்து சாகும் வரை அடுத்த தூண்டிலைப் பார்ப்பது கொடுமை. இறைச்சியும் அதனால் கெடுகிறது. அன்றே சுத்தம் செய்வதும் நல்லது. செதில் காய்ந்துவிட்ட பெர்ச்சை உரிப்பது பெரும்பாடு.

அலகை வீட்டிலேயே தீட்டுவது

கூர் போன அலகை அரத்தாலோ மின்சாணையாலோ தாமே தீட்டிக்கொள்வோர் பலர். அலகின் வாய்க்குப் பின்னாலுள்ள பகுதி, வாயைவிடச் சற்று உயர்ந்து விலகியிருக்க வேண்டும். அந்தச் சாய்வு மாறிவிட்டால் வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பின்பகுதியே முதலில் பனியில் உட்கார்ந்து, வாயைப் பனியைத் தொடவிடாது. விரலை அறுக்கும் அளவுக்குக் கூராக இருந்தும் துரப்பணம் வெறுமனே சுற்றுவது இதனால்தான். மின்சாணையின் சூட்டில் எஃகின் உறுதியும் குறைகிறது. பனித்துரப்பண அலகுகளைச் சாணை பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பருவம் முடிந்ததும் உறையைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீரைத் துடைத்து, அலகில் மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். கோடையிலேயே சாணைக்குக் கொடுத்துவிட்டால், டிசம்பரில் ஏரி உறைந்த முதல் வாரத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நீங்கள் ஏரியில் இருக்கலாம்.