லைக்கன் மேல் வாழும் பூஞ்சையைக் கண்டறிவது எப்படி?

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உடலம் என்று சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் 1860களில் கூறினார். அந்த உடலத்தின் மீதும் வேறு பூஞ்சைகள் குடியேறுகின்றன, அவற்றில் 2000க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன.

முதலில் லைக்கனின் இனத்தை உறுதிசெய்யுங்கள். இவற்றில் பல பூஞ்சைகள் ஒரே பேரினத்து லைக்கனை மட்டுமே நாடுவதால், இந்தப் படியைத் தவிர்ப்பவரின் உழைப்பு வீணாகும் என்றே கருதுகிறேன். பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் வெளுத்த திட்டுகள், கறுத்த புள்ளிகள், வீக்கங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். ஐரோப்பிய மரப்பட்டைகளில் சாம்பல்நிறப் பிசியா லைக்கன் மீது பளிச்சென்ற இளஞ்சிவப்பு மணிகள் சிதறிக் கிடந்தால், அது பெரும்பாலும் இல்லோஸ்போரியாப்சிஸ் பூஞ்சை. அந்த நிறம் கண்ணை விட்டு அகலாது.

சிறு துண்டை மட்டும் எடுத்து, உலர்த்தி, காகித உறையில் இட்டு, இடமும் நாளும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.