எல்லைக் கோட்டை வேற மாதிரிக் கீறியிருந்தா? யோசிச்சுப் பாக்கிற விதம்

"மாகாண எல்லையை மட்டும் வேற மாதிரிக் கீறியிருந்தா நாங்கள் எங்கயோ போயிருப்பம்" எண்ட கதை யாழ்ப்பாணத்தில கலியாணவீடு, செத்தவீடு எண்டில்லாமல் ஓடும். கதைக்கிறது சுகம். ஆனா கொஞ்சம் ஒழுங்கா யோசிக்கோணும் எண்டா இப்பிடிச் செய்து பாருங்கோ.

முதல்ல, மெய்யாவே மாத்தின ஒரு எல்லைக்கோடா எடுங்கோ. நான் எடுக்கிறது 1873. வெள்ளைக்காரர் 1833இல இலங்கையை அஞ்சு மாகாணமாப் பிரிச்ச நேரம் அனுராதபுரம் பக்கத்து நுவரகலாவிய எங்கட வடமாகாணத்துக்குள்ளதான் இருந்தது, கனபேருக்கு இது தெரியாது. 40 வருசம் கழிச்சு ஆளுநர் கிரெகரி அதை வெட்டியெடுத்து, கிழக்கில இருந்த தமன்கடுவையையும் சேத்து, வடமத்திய மாகாணம் எண்டு ஆக்கினார்.

அடுத்தது, ஏன் வெட்டினவை எண்டு பாக்கோணும், இதிலதான் எங்கட ஆக்கள் வழுக்குறவை. அனுராதபுரத்துப் பக்கக் குளங்கள் உடைஞ்சு தூந்து கிடந்த நேரம் அதுகளுக்குப் பொறுப்பான அரசாங்க ஏஜெண்டின்ர, அதாவது மாகாணத்தைப் பாத்த பெரிய அதிகாரியின்ர, கச்சேரி (அரசாங்கக் கந்தோர்) எங்க இருந்தது? யாழ்ப்பாணத்தில. தனி ஏஜெண்ட் அங்கயே வந்து இருந்தாப்பிறகுதான் குளந்திருத்துற வேலை சூடுபிடிச்சது, 1880களில கலாவெவ எண்ட பெரிய குளத்தையும் திருத்திமுடிச்சவை. அப்ப, வெட்டாமல் விட்டிருந்தா எங்களுக்கு எவ்வளவு வயல் கிடைச்சிருக்கும் எண்டு மட்டும் கேக்காமல், அங்க இருந்த கமக்காரனுக்கு என்ன ஆகியிருக்கும் எண்டும் கேளுங்கோ. எனக்கெண்டா யாழ்ப்பாணத்தில இருந்து ஒருத்தரும் பெரிசாத் திரும்பிப் பாத்திருக்க மாட்டினம் எண்டுதான் படுது.

பேந்து தண்ணியைப் பாருங்கோ. தண்ணி ஓடுற வழியையும் எல்லைக்கோட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சாப் பாதி விளங்கீடும். அனுராதபுரத்தால வாற மல்வத்து ஓயாதான் மன்னாருக்குள்ள அருவியாறு, அதைத் தேக்கம் எண்ட இடத்தில மறிச்சுத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணி போகுது. பழைய கோடு இருந்திருந்தா மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே மாகாணம். 1987இல வந்த 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள்ளயே ஓடுற தண்ணி மாகாணசபைக்கு, மாகாணம் தாண்டி ஓடினா கொழும்புக்கு, அப்ப அருவியாறு கடதாசியிலயாவது எங்கட சபைக்கு வந்திருக்கும், அந்தச் சபையில அனுராதபுரத்துச் சனமும் பாதிக்குப் பாதி இருந்திருப்பினம் எண்டதையும் சேத்து யோசியுங்கோ, அப்ப அது "எங்கட" சபையோ எண்டே தெரியாது.

கோட்டால மாறாத சாமானை ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கோ. யாழ்ப்பாணக் குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற கிணத்துத் தண்ணிதான். கொழும்பில இருந்து ரயில் 1905இல காங்கேசன்துறைக்கு வந்தது, கொழும்பு போட்ட பாதை, மாகாண எல்லையைப் பாத்து வரேல்ல.

பெரிய கோடு தலையைச் சுத்தினா சின்னதில பழகுங்கோ. கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டம். பாராளுமன்றத் தேர்தலுக்கு இண்டைக்கும் யாழ்ப்பாணத்தோடதான். கிளிநொச்சியில இருக்கிற இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் குழாயில குடாநாட்டுக்குக் கொண்டுவாற திட்டம் வந்தோண்ண கிளிநொச்சிக் கமக்காரர் மாட்டம் எண்டிட்டினம், சிறுபோகத்துக்கே காணாது, இதுக்குள்ள உங்களுக்கு வேறயோ எண்டு. கடைசியில தாளையடியில கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கிற ஆலை கட்டி 2024இல திறந்தவை. மாவட்டம் பிரியாமல் இருந்திருந்தா இரணைமடுத் தண்ணி வந்திருக்குமோ? கமக்காரனின்ர வயல் அதேதான், கோபமும் அதேதான், ஆனா கோப்பு ஒரே கச்சேரியில கிடந்திருக்கும், அவையின்ர குரல் அவ்வளவு பெரிசாக் கேட்டிருக்காது. நல்லதோ கெட்டதோ எண்டது நீங்கள் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில இருக்கிறியளோ யாழ்ப்பாணப் பக்கம் நல்லூரில இருக்கிறியளோ எண்டதைப் பொறுத்தது, ரெண்டு இடத்திலயும் நிண்டு ஒருக்கா எழுதிப் பாருங்கோ.

வடக்கு, கிழக்கு ரெண்டு மாகாணத்தையும் ஒண்டாக்கின இணைப்பை முதல் பயிற்சியா எடுக்காதேங்கோ. 1988இல சேத்தது, 2006இல உயர் நீதிமன்றம் பிழை எண்டு சொல்லி 2007 தொடக்கத்தில பிரிஞ்சது, கேக்க 18 வருசம் மாதிரி இருக்கும். ஆனா தேர்தல் வைச்ச சபை 1990ஓட முடிஞ்சுது, மிச்சக்காலம் ஆளுநர், சுத்திவரச் சண்டை. அதில கோடு செய்ததையும் சண்டை செய்ததையும் பிரிச்செடுக்கிறதுக்குள்ள உங்களுக்கு விசர் பிடிச்சிடும்.