ஷிஃப்ட் டெலீட்டில் போன படங்களை மீட்ட கதை

குடியாத்தம் வீட்டுக் கணினியின் டி டிரைவில் இருந்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை ஷிஃப்ட் டெலீட்டில் அழித்துவிட்டேன். அப்படி அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அது காலி. வேலூரில் ஒரு கடையில் 3 நாள் வைத்திருந்து முடியாது என்றார்கள். இலவச மென்பொருள் ஒன்று பெயர்களைக் காட்டியது. திறந்தால் சில படங்களில் பாதி சாம்பல் நிறம். அதை டி டிரைவிலேயே நிறுவியிருந்தேன், அழிந்த இடத்தின் மேலேயே எழுதிவிட்டது.

அப்புறம் ஃபோட்டோரெக் என்ற, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினேன். எங்கே தேடுவது என்று 'ஃப்ரீ', 'ஹோல்' (முழு டிரைவ்) என இரண்டில் ஒன்றைக் கேட்கும். முதலில் ஹோல் கொடுத்ததில் அழிக்காத படங்களும் சேர்ந்து கொட்டின. ஃப்ரீ காலி இடத்தை மட்டும் துழாவும். அழித்தவை அங்கேதான் கிடக்கும். சேமிக்க வெளி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினேன். 4 மணி நேரத்தில் 340 படங்கள் வந்தன. பழைய பெயர்கள் வராது, எண்கள்தான். படத்துக்குள் பதிந்திருந்த தேதியை வைத்து அடுக்கினேன். அம்மா மாலை மாற்றும் படம் முழுசாக இருந்தது. அப்பாடா!