காசிமேட்டு நண்டுக்கு ஒரு பிரெஞ்சு ஒயின்

மஸ்கடே என்றதும் இனிப்பான மஸ்கட் ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு திராட்சை. இது இனிப்பே இல்லாத வெள்ளை ஒயின். லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கிற பக்கம், நாந்த் நகரைச் சுற்றி, மெலோன் தெ பூர்கோன் என்கிற திராட்சையில் செய்கிறார்கள். 1709 கடுங்குளிரில் அங்கே கொடிகள் செத்துப்போன பிறகு, குளிர் தாங்கும் என்றுதான் இந்த வகை பரவியது.

வாங்கும்போது லேபிளில் 'சூர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். நொதித்த ஈஸ்ட் வண்டலோடேயே குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தது என்று அர்த்தம், அதனால் வாயில் கொஞ்சம் கனம் தெரியும்.

8 முதல் 10 டிகிரி குளிர் போதும். ராயபுரம் வெயிலில் அது பத்து நிமிஷம்கூட நிற்காது, அதனால் பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் போட்டு பாட்டிலை அதிலேயே வைத்துவிடுங்கள் (மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், சொல்லிவிட்டேன்).

நாந்த் பக்கம் இதைச் சிப்பியோடு குடிப்பார்கள். நமக்கு, காலையில் காசிமேட்டில் வாங்கிய நண்டை மஞ்சள், உப்பு, மிளகு மட்டும் போட்டு அவித்தால் அட்டகாசம். இறால், கடம்பா, மொறுமொறு நெத்திலி வறுவலும் சரிதான், எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், மிளகாய்த்தூளை மட்டும் பாதியாகக் குறையுங்கள். புளியும் காரமும் தூக்கலான நம்ம மீன் குழம்போடு வேண்டாம், ஒயின் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அப்புறம், திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.