ஏழு எபிசோடுக்கு ஒரு விமர்சனம்: அனிமே ஆர்க்கை எழுதிப் பழகும் முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று நம்ம மாவட்டம் முழுக்க அனிமே பார்க்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பார்த்து முடித்ததும் வாட்ஸ்அப்பில் "கொள்ளாம்" (நல்லாயிருக்கு) என்று ஒரு வார்த்தை விழும், அதோடு சரி. அந்தக் கொள்ளாமுக்குக் காரணம் என்ன என்று எண்ணூறு வார்த்தையில் எழுதுவது எப்படி என்பதுதான் இந்தச் செய்முறை.

சினிமா விமர்சனம் எழுதிப் பழகியவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். சினிமா ஒரே உட்காரலில் முடிந்துவிடும். தொடர் அப்படியல்ல, வாரா வாரம் ஒரு கொக்கியில் நின்று, அடுத்த வாரம் அதே கொக்கியிலிருந்து கிளம்ப வேண்டும். அதனால் கதை நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், கையிலிருந்த நிமிடங்களை எதற்குச் செலவழித்தார்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாலே பாதி விமர்சனம் தானாக வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசனை எடுத்துக்கொள்வோம். கொயோஹாரு கொட்டோகேயின் மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) யூஃபோடேபிள் ஸ்டுடியோ அனிமே ஆக்கியது. இயக்கம் ஹாருவோ சொட்டோசாகி. 2019 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 26 எபிசோடு ஒளிபரப்பானது. அதில் 15 முதல் 21 வரை நதாகுமோ மலை ஆர்க், அதாவது தொடருக்குள் வரும் ஒரு முழுக் கதைப் பகுதி. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கீழே முடிவு வரைக்கும் சொல்லியிருக்கிறது.

1. எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஐந்து முதல் எட்டு எபிசோடு சரியான அளவு. மூன்று போதாது, போக்கு பிடிபடாது. 26 எபிசோடையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் எல்லாமே ஒரு வரிச் சுருக்கமாகிவிடும்.

வெட்டும் இடத்தில்தான் பலருக்கும் தவறுகிறது. நதாகுமோவில் எல்லோரும் கொண்டாடும் 19ஆம் எபிசோடோடு நிறுத்தலாம் என்று கை துடிக்கும். நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். அரக்கர்களை வேட்டையாடும் நாயகன் தன்ஜிரோ, சிலந்தி அரக்கன் ரூயின் தலையை வெட்டிவிட்டான் என்றுதான் அந்த எபிசோடு நம்ப வைக்கிறது. வாள் படுவதற்கு முன்னாலேயே ரூய் தன் நூலால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான், ஆகவே அவன் சாகவில்லை என்பது 20ஆம் எபிசோடில்தான் தெரியவரும். 19ஓடு நிறுத்தினவர் நடக்காத வெற்றிக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதியிருப்பார். ஒரு ஆர்க் எங்கே முடிகிறது என்பதை நல்ல சண்டை எங்கே வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு எங்கே பதில் கிடைக்கிறதோ அங்கே வெட்டுங்கள். இங்கே கேள்வி, ரூய் மற்ற அரக்கர்களைப் பயத்தால் கட்டிவைத்த குடும்பம் குடும்பமாகுமா என்பது. ரூயின் கதை 21இல் முடியும்போதுதான் அதற்குப் பதில் வருகிறது.

இன்னொன்று, இந்த ஆர்க்கைச் சேர்த்து வெட்டிய தொகுப்புப் பதிப்பும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு எபிசோடு வாரியாக எழுதாதீர்கள், கொக்கிகள் இருக்கும் இடமே அதில் மாறிப்போயிருக்கும்.

2. இரண்டு முறை பார்ப்பது

முதல் முறை பேனாவைத் தொடாமல் பாருங்கள். இரண்டாம் முறை குறிப்போடு. ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் தலா ஒன்றரை நிமிடம் போக, கதைக்கு மிஞ்சுவது 20, 21 நிமிடம். ஏழு எபிசோடுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கும். இரண்டாம் பார்வைக்கு நிறுத்தி நிறுத்திப் போவதால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது.

ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். 19இல் வழக்கமான முடிவுப் பாட்டின் இடத்தில் தனிப்பாட்டு ஒன்று வருகிறது. மற்ற எபிசோடுகளில் முடிவுப் பாட்டுக்குப் பிறகும் சின்னத் துணுக்கும் முன்னோட்டமும் உண்டு. ஆப் அவசரப்பட்டு அடுத்த எபிசோடுக்குத் தாவினால் இவையெல்லாம் போச்சு.

மொபைலில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ஆர்க் கிட்டத்தட்ட முழுக்க இரவுக் காடு, ஆயுதமோ சிலந்தி நூல். நெட் இழுக்கும்போது படம் 360க்கு இறங்கினால் நூலே கண்ணுக்குத் தெரியாது, இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாக உடையும். அது வீடியோவைச் சுருக்கியதால் வரும் கோளாறு, ஸ்டுடியோவின் குறை அல்ல. "சண்டையில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் 720க்கு மேல் வைத்து, அறை விளக்கை அணைத்து, அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று இங்கே யாருக்குமே தெரியாது. முந்தின நாளே டவுன்லோடு செய்துவைத்துக்கொள்வது உத்தமம்.

ஜப்பானிய ஒலியில் பார்த்தீர்களா, டப்பில் பார்த்தீர்களா என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ரூய்க்குக் குரல் கொடுத்த கோகி உச்சியாமா கத்தவே மாட்டார், தாழ்ந்த குரலில்தான் மிரட்டுவார். டப்பில் அது வேறு மாதிரி இருக்கலாம். எதைக் கேட்டீர்கள் என்று சொல்லாமல் குரல் நடிப்புக்கு மார்க் போட்டால் அந்த மார்க்குக்கு அர்த்தமில்லை.

3. குறிப்பு எடுப்பது

கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டம் போதும்: எபிசோடு, இடம், நடந்தது, உங்கள் கேள்வி. ஒரு எபிசோடுக்கு எட்டு அல்லது பத்துக் குறிப்பு, அதற்கு மேல் வேண்டாம். மாதிரிக்கு, தன்ஜிரோவின் தோழன் ஸெனிட்சு வரும் 17ஆம் எபிசோடிலிருந்து மூன்று:

17 / முன்பாதி / ஸெனிட்சு தனியாக மாட்டுகிறான், உடம்பில் விஷம் ஏறுகிறது / கெடு வைத்துவிட்டார்கள், பரபரப்பு அதனால்தானா?

17 / நடு / குருநாதர் நினைவு: ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள், அதைக் கரைகாண் / சண்டைக்கு நடுவில் வந்தும் வேகம் குறையவில்லையே, ஏன்?

17 / பின்பாதி / தெரிந்த ஒரே வீச்சை விடாமல் ஆறு முறை / குறையே பலமாகிறது

மூன்றாவது குறிப்பு இரண்டாவதின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது பாருங்கள். அந்த நினைவுக்காட்சியில் சொன்னதைத்தான் அடுத்த சில நிமிடத்தில் அவன் செய்கிறான். அதனால்தான் அது இழுவையாகத் தெரியவில்லை. இப்படி இரண்டு குறிப்பு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்களை வட்டம் போட்டு வையுங்கள். உங்கள் கட்டுரையின் பத்திகள் அங்கேயிருந்துதான் வரப்போகின்றன. வட்டம் விழாத குறிப்புகளைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

4. சண்டையை எழுதுவது

ஒவ்வொரு சண்டைக்கும் இவற்றைக் கேளுங்கள்: யாருக்கு என்ன வேண்டும்? யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறவருக்குத் தெரிகிறதா? சக்திக்கு விதி என்ன? வென்றவன் என்ன இழந்தான்?

விதிகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதினால் கீழே கமெண்டில் பத்துப் பேர் திருத்துவார்கள். தன்ஜிரோ வீசும்போது தெரியும் நீல அலை உண்மையான தண்ணீர் இல்லை. வாள்வீச்சின் தன்மையைக் காட்ட, பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியங்களின் பாணியில் தடித்த கோட்டோடு வரைந்த தோற்றம் அது. அரக்கியாகிவிட்ட அவன் தங்கை நெசுகோவின் ரத்தத்தில் எழும் நெருப்போ கதைக்குள்ளேயே நிஜமான ரத்த அரக்கக் கலை. "தண்ணீரும் நெருப்பும் மோதின" என்று எழுதினால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அனிமேஷன் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் நிறுத்திப் பார்க்க வேண்டும். வி.எல்.சி பிளேயரில் ஈ எழுத்துப் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூப் டிரெய்லரைக் கம்ப்யூட்டரில் பாஸ் செய்துவிட்டு முற்றுப்புள்ளிப் பட்டனைத் தட்டினாலும் அதே வேலை நடக்கும். காற்புள்ளிப் பட்டன் பின்னால் கொண்டுபோகும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றாலும் 24 ஓவியம் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு, மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பது வழக்கம், ஆக 12 அல்லது 8 ஓவியம்தான். இது தெரியாமல் "ஃபிரேம் கம்மி, ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணிக்கையை விட்டுவிட்டு, வாள் படும் கணத்துக்கு முன்னும் பின்னும் எதை நிறுத்தி வைத்தார்கள், எதைத் தவிர்த்தார்கள் என்று பாருங்கள்.

இப்போது ஒரு பத்தியைத் திருத்திக் காட்டுகிறோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"19ஆவது எபிசோடு வேற லெவல். அனிமேஷன் மரண மாஸ். கடைசிப் பாட்டு வரும்போது புல்லரித்துவிட்டது. யூஃபோடேபிள்னா சும்மாவா!"

இதில் எதையும் மறுக்க முடியாது, ஏனென்றால் எதையும் சொல்லவில்லை. குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால்:

"ரூயின் நூல் தன்ஜிரோவின் வாளை முறித்துப் போடுகிறது. முறிந்த வாளோடு வாள்வீச்சின் பத்தாவது வடிவத்தைச் சுழற்றி அவன் நெருங்க, ரூய் நூலை இன்னும் கடினமாக்கிவிடுகிறான். தெரிந்த வித்தை அத்தனையும் தீர்ந்துபோன அந்த இடத்தில்தான் அப்பா ஆடிய நெருப்பு நடனம் நினைவுக்கு வருகிறது. இத்தனை எபிசோடாகப் பழகிய நீலம் போய்த் திரை சிவக்கிறது. கோ ஷீனா இசையமைத்த பாட்டு சண்டையின் வேகத்தோடு போட்டி போடாமல் தாலாட்டு மாதிரி மெல்ல ஏறுகிறது. காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் இழுக்கப்படுவதால்தான் புல்லரிக்கிறது."

வார்த்தை கூடியிருக்கிறது, ஆனால் இனி இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க இடம் கொடுக்கிற பத்திதான் விமர்சனப் பத்தி.

5. குறை சொல்வது

குறை இல்லாத விமர்சனத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்காகக் குறையைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டாம், நிமிடக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். நதாகுமோவில் இரண்டு சொல்லலாம். ஸெனிட்சுவின் அலறல் நகைச்சுவை, பயமுறுத்த வேண்டிய காட்சிகளுக்கு நடுவே புகுந்து பயத்தைக் கலைக்கிறது. 15, 16இல் இது அதிகம். இது ரசனைக்குத் தக்க மாறும், நீங்கள் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.

இரண்டாவது கனமானது. ரூய் நோயாளிப் பிள்ளையாக இருந்தது, அரக்கர் தலைவன் முஸான் அவனை அரக்கனாக்கியது, பெற்றோரை அவனே கொன்றது எல்லாம் 21ஆம் எபிசோடில், அவன் தலை போன பிறகுதான் முழுதாக வருகிறது. இங்கே நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வில்லுப்பாட்டில் கள்ளியங்காட்டு நீலி கதை கேட்டவர்களுக்குத் தெரியும், நகைக்காக அவள் கொல்லப்படுவதைத்தான் முதலில் பாடுவார்கள், பழிவாங்குவது அப்புறம். அவள் ஆளைக் கொல்ல வரும்போதே கேட்கிறவர் மனசு பாதி அவள் பக்கம் சாய்ந்திருக்கும். நதாகுமோ இதைத் தலைகீழாக வைக்கிறது: ஆறு எபிசோடு வெறுக்க வைத்து, கடைசியில் இரங்கச் சொல்கிறது. அந்த இரக்கம் உங்களுக்கு வந்ததா, தாமதமாக வந்ததால் ஒட்டவில்லையா? எங்கள் கருத்து, பாதிதான் ஒட்டுகிறது. 16இல் ரூயின் குடும்பத்தில் அம்மாவாக இருக்கும் சிலந்தி அரக்கி சாவையே விடுதலையாக ஏற்று, தன்ஜிரோவின் வலியில்லாத ஐந்தாம் வடிவ வீச்சுக்குக் கழுத்தைக் கொடுக்கும் காட்சி அளவுக்கு ரூயின் முடிவு தைக்கவில்லை. அவளுடைய பயத்தை உயிரோடு இருக்கும்போதே காட்டிவிட்டார்கள்.

இப்படி ஊர்க் கதையோடு ஒப்பிடுவது நல்ல உத்தி, ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை. எல்லா அரக்கனையும் நீலி ஆக்கினால் படிப்பவர் கொட்டாவி விடுவார்.

6. மார்க், பெயர், படம்

மார்க் கட்டாயமில்லை. போடுவதென்றால் எபிசோடுக்குத் தனி, ஆர்க்குக்குத் தனி. ஏழு மார்க்கைக் கூட்டி ஏழால் வகுக்காதீர்கள்; ஆறு சுமார் எபிசோடு ஒரு அற்புத எபிசோடைக் கட்டி எழுப்பியிருந்தால் சராசரி அதைக் காட்டவே காட்டாது.

தன்ஜிரோ, நெசுகோ, ஸெனிட்சு, இனோசுகே, கியூ, ஷினோபு என்று பெயர்களை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முதலிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே கட்டுரையில் செனிட்சு, ஜெனிட்சு, ஸெனிட்சு என்று மூன்று பேர் நடமாடக் கூடாது.

கதைச் சுருக்கம் நான்கு வரியைத் தாண்டினால் வெட்டுங்கள். ஸ்பாய்லர் பகுதிக்கு முன்னால் தனி வரியில் எச்சரிக்கை, எந்த எபிசோடு வரைக்கும் என்ற எண்ணோடு. "ஸ்பாய்லர் உண்டு" என்று மொட்டையாகப் போட்டால் 18 வரை பார்த்தவர் என்ன செய்வார்?

படத்துக்கு அதிகாரப்பூர்வப் போஸ்டரோ டிரெய்லர் காட்சியோ இரண்டு போதும். எபிசோடிலிருந்து வீடியோத் துண்டு வெட்டிப் போட்டால் உரிமைப் புகாரில் பக்கமே போகலாம். முகப்புப் படத்தில் உடைந்த வாளையும் சிவப்பு நெருப்பையும் வைக்காதீர்கள். எச்சரிக்கை வரியைப் படிப்பதற்கு முன்னாலேயே அது கண்ணில் பட்டுவிடும்.